விவரம் தெரிந்தவன் எல்லாம் அதிகாரி அல்ல

எஸ்.பி. ஓஸ்வால் லூதியானாவின் பெரும் தொழிலதிபர். வர்த்தமான் ஜவுளிக் குழுமத்தின் தலைவர். பத்மபூஷண் விருது பெற்றவர். 2024 ஆகஸ்ட் கடைசியில், தனது 82-வது வயதில், சொந்த வீட்டிலேயே அவர் கைதியானார். வாசலில் போலீஸ் இல்லை, கையில் விலங்கு இல்லை. எதிரே ஒரு கேமரா மட்டும் இருந்தது. சி.பி.ஐ. அதிகாரிகள் என்று சொல்லிக்கொண்டவர்கள் ஸ்கைப் மூலம் அவரை இரவும் பகலும் கண்காணித்தார்கள். தூங்கும்போதும் கேமராவை அணைக்கக் கூடாது என்பது உத்தரவு. பிறகு சுப்ரீம் கோர்ட்டே திரையில் கூடியது. தலைமை நீதிபதி டி.ஒய். சந்திரசூட் என்ற பெயரில் ஒருவர் 'விசாரணை' நடத்தினார். முத்திரை பதித்த 'தீர்ப்பு' வாட்ஸப்பில் வந்து சேர்ந்தது. அவர்கள் சொன்ன கணக்குகளுக்கு ரூ. 7 கோடி போய்ச் சேர்ந்தது.

போலீஸ் பிறகு ரூ. 5.25 கோடியை மீட்டது என்பது ஓர் ஆறுதல். ஆனால் கேள்வி பணத்தைப் பற்றியது அல்ல. ஆயிரக்கணக்கானோருக்கு வேலை கொடுத்த, வங்கிகளையும் வழக்கறிஞர்களையும் நன்கு அறிந்த ஒருவர் இதை எப்படி நம்பினார்? அதற்கு அவரே பதில் சொன்னார். அவர் பெயரில் ஒரு வங்கிக் கணக்கு இருப்பதாகவும், சட்டவிரோதப் பணப் பரிமாற்ற வழக்கில் அது சிக்கியிருப்பதாகவும் போனில் பேசியவர்கள் சொன்னார்கள். அப்படி ஒரு கணக்கு தனக்கு இல்லை என்பது ஓஸ்வாலுக்குத் தெரியும். ஆனாலும், எப்போதோ விமானப் பயணத்தின்போது கொடுத்த ஆதார் விவரங்களை யாராவது தவறாகப் பயன்படுத்தியிருக்கலாமோ என்ற சந்தேகம் எழுந்தது. அந்தச் சந்தேகம் போதுமானதாக இருந்தது.

எல்லா இந்தியர்களிடமும் இந்தச் சந்தேகம் உண்டு. ஆதார் ஜெராக்ஸ் எத்தனை இடத்தில் கொடுத்தோம் என்பதற்கு யாரிடமும் கணக்கு இல்லை. சிம் கார்டு கடை, லாட்ஜ், வாடகை வீட்டு புரோக்கர், கேஸ் ஏஜென்சி, பள்ளிக்கூடம் என்று பட்டியல் நீளும். ஆகவே, 'உங்கள் ஆதார் எண் தவறாகப் பயன்படுத்தப்பட்டிருக்கிறது' என்று யாரேனும் சொன்னால், 'இருக்க முடியாது' என்று அடித்துச் சொல்ல ஆளில்லை. 'டிஜிட்டல் கைது' என்ற மோசடியின் முதலீடே இதுதான். மிரட்டல் அடுத்த கட்டம். 2024-ன் முதல் நான்கு மாதங்களில் மட்டும் இந்த வகையில் பறிபோன தொகை ரூ. 120 கோடி என்பது மத்திய அரசின் கணக்கு. 2025 நவம்பரில் சுப்ரீம் கோர்ட்டில் சொல்லப்பட்ட தொகை சுமார் ரூ. 3,000 கோடி.

இதில் ஒரு கசப்பான வேடிக்கை இருக்கிறது. அந்தரங்கம் என்பது குடிமக்களின் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24-ல் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். அதில் நான்கு பேர் சார்பில் முதன்மைத் தீர்ப்பை எழுதியவர் சந்திரசூட். அவர் பெயரை வைத்துத்தான் ஒரு முதியவரின் படுக்கையறை வரை கேமரா போனது.

அந்தத் தீர்ப்பு எளிதில் வந்துவிடவில்லை. உத்தரப் பிரதேசத்தில் கரக் சிங் என்பவர் மீது 1941-ல் ஒரு கொள்ளை வழக்கு. ஆதாரம் இல்லாததால் விடுவிக்கப்பட்டார். ஆனாலும் போலீஸ் அவர் பெயரில் ஒரு சரித்திரப் பதிவேட்டைத் திறந்தது. ராத்திரியில் வீட்டுக் கதவைத் தட்டி, ஆள் இருக்கிறாரா என்று பார்ப்பது வழக்கமாயிற்று. அவர் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார். 1962-ல் வந்த தீர்ப்பு, நள்ளிரவில் கதவைத் தட்டுவது கூடாது என்றது. அதே மூச்சில், அந்தரங்கத்துக்கான உரிமை அரசியல் சட்டத்தில் இல்லை என்றும் பெரும்பான்மை நீதிபதிகள் சொல்லிவிட்டார்கள். 1954-ல் எட்டு நீதிபதிகள் வேறொரு வழக்கில் சொன்னதும் கிட்டத்தட்ட அதுவே.

ஐம்பது ஆண்டுகள் கழித்து, 2012-ல், கர்நாடக ஐகோர்ட்டின் ஓய்வுபெற்ற நீதிபதி கே.எஸ். புட்டசாமி ஆதார் திட்டத்தை எதிர்த்து வழக்குத் தொடுத்தார். அப்போது அவருக்கு வயது 86. விசாரணையில் மத்திய அரசு அந்தப் பழைய தீர்ப்புகளைத் தூசு தட்டி எடுத்தது. அந்தரங்கம் அடிப்படை உரிமையே அல்ல என்று 2015-ல் அட்டர்னி ஜெனரல் முகுல் ரோத்தகி வாதிட்டார். எட்டுப் பேர் சொன்னதை மாற்ற ஒன்பது பேர் வேண்டியிருந்தது. அப்படித்தான் 2017-ன் ஒன்பது நீதிபதிகள் பெஞ்ச் அமைந்தது. அதில் இருந்த எஸ்.கே. கவுல், சென்னை ஐகோர்ட்டின் தலைமை நீதிபதியாக இருந்துவிட்டுப் போனவர். மனிதர்கள் மறந்துவிடுவார்கள், இன்டர்நெட் மறக்காது என்ற பொருளில் அவர் எழுதியது அடிக்கடி எடுத்துக்காட்டப்படுகிறது. புட்டசாமி 2024 அக்டோபரில், 98 வயதில் காலமானார்.

உரிமை வந்துவிட்டது. பழக்கம் வரவில்லை. 'மடியில் கனமில்லை என்றால் வழியில் எதற்குப் பயம்?' என்று கேட்பவர்கள் இன்னும் உண்டு. மறைப்பதற்கு ஏதும் இல்லாதவன் எதைக் கொடுத்தால் என்ன என்பது அவர்கள் வாதம். கரக் சிங்கின் காலத்தில் கனம் என்றால் திருட்டுப் பொருள். இன்றோ பெயர், பிறந்த தேதி, போன் எண், ஆதார் எண், விரல் ரேகை எல்லாமே கனம்தான். அதைச் சுமக்காதவர் யாருமில்லை. வழியில் இருப்பவனுக்கும் அது தெரியும்.

ஒவ்வொரு விவரமும் தனித்தனியே பார்த்தால் அற்பமானது. ஒன்றோடு ஒன்று சேரும்போதுதான் ஆபத்து. இதற்கு நல்ல உதாரணத்தை 2018 ஜூலையில் தந்தவர், அப்போது டிராய் அமைப்பின் தலைவராக இருந்த ஆர்.எஸ். சர்மா. ஆதார் ஆணையத்தின் முதல் டைரக்டர் ஜெனரலும் அவரே. தனது 12 இலக்க ஆதார் எண்ணை டுவிட்டரில் போட்டு, முடிந்தால் இதை வைத்து எனக்குத் தீங்கு செய்து காட்டுங்கள் என்று சவால் விட்டார். சில மணி நேரத்துக்குள் அவரது போன் எண், முகவரி, பிறந்த தேதி, பான் எண் என்று வரிசையாக வெளிவந்தன. அவரது கணக்கில் ஒரு ரூபாய் போட்டுக் காட்டியவர்களும் உண்டு. இதெல்லாம் ஆதார் தகவல் தொகுப்பிலிருந்து போகவில்லை, ஏற்கெனவே இன்டர்நெட்டில் கிடைப்பவை என்று ஆணையம் விளக்கியது. அது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அந்த விளக்கம்தான் அதிகம் பயமுறுத்துகிறது. பூட்டை உடைக்க வேண்டிய அவசியமே இல்லை, எல்லாம் வாசலில்தான் கிடக்கிறது என்று அதற்கு அர்த்தம். சில நாட்களில், ஆதார் எண்ணை யாரும் பொது இடத்தில் வெளியிட வேண்டாம் என்று அதே ஆணையம் மக்களுக்கு அறிவுரை சொன்னது.

புகழ்பெற்றவர்களும் தப்பவில்லை. 2017 மார்ச்சில் மகேந்திரசிங் தோனி ஆதாருக்கு விவரம் கொடுத்த பெருமையை விளம்பரப்படுத்தும் உற்சாகத்தில், அவரது விண்ணப்ப விவரங்களையும் சேர்த்து டுவிட்டரில் வெளியிட்டுவிட்டார்கள். அவரது மனைவி சாக்ஷி அமைச்சரிடம் முறையிட்டார். அந்தப் பதிவு நிறுவனத்துக்குப் பத்து ஆண்டுத் தடை விழுந்தது. தோனிக்காகத் தடை வந்தது சரி. ஜெராக்ஸ் கடையின் குப்பைக் கூடையில் கிடக்கும் கார்டுக்காக யாருக்கும் தடை வந்ததாகக் கேள்விப்பட முடியாது.

2018 ஜனவரியில் 'தி டிரிப்யூன்' நாளிதழ் இன்னொரு செய்தியை வெளியிட்டது. ரூ. 500 கொடுத்தால் எந்த ஆதார் எண்ணுக்கும் உரியவரின் பெயர், முகவரி, போட்டோ, போன் எண்ணைப் பார்க்க வழி செய்துகொடுக்கும் ஏஜென்டுகள் இருக்கிறார்கள் என்பது அந்தச் செய்தி. விரல் ரேகை போன்ற விவரங்கள் பத்திரமாக இருப்பதாக ஆணையம் சொன்னது. போலீஸில் புகாரும் கொடுத்தது. முதல் தகவல் அறிக்கையில் செய்தி எழுதிய நிருபரின் பெயரும் இருந்தது. ஆனால் ஒரு நன்மையும் விளைந்தது. அடுத்த சில நாட்களில் ஆதார் எண்ணுக்குப் பதிலாகப் பயன்படுத்தக்கூடிய 16 இலக்கத் தற்காலிக எண் அறிவிக்கப்பட்டது.

விரல் ரேகையின் கதை வேறு. பாஸ்வேர்டு திருடு போனால் மாற்றிக்கொள்ளலாம். கட்டை விரலை மாற்ற முடியாது. பத்திரப் பதிவு ஆவணங்களில் வைத்த ரேகைகளைப் பிரதியெடுத்து, ரப்பர் அச்சு செய்து சிம் கார்டு வாங்கிய வழக்கு 2018-லேயே தெலங்கானாவில் பிடிபட்டது. அதே உத்தியில், கிராமங்களில் கைநாட்டு வைத்துப் பணம் எடுக்க உதவும் ஆதார் வங்கிச் சேவை மூலம் கணக்குகளைக் காலி செய்த வழக்குகள் பின்னர் பல மாநிலங்களில் வந்தன. இங்கே ஓ.டி.பி. கிடையாது. கணக்கு வைத்திருப்பவருக்கு போனும் வராது. முதியோர் பென்ஷனும் நூறு நாள் வேலைக் கூலியும் வரும் கணக்குகள்கூட இந்த முறையில் இயங்குகின்றன என்பதால், இழப்பு சிறியதாக இருந்தாலும் அடி பெரிது.

ஒருவரின் அஜாக்கிரதையால் இன்னொருவர் பாதிக்கப்படுவதும் உண்டு. ஐந்து நிமிடத்தில் கடன் என்று சொல்லி செல்போனில் புகுந்த கடன் ஆப்கள் இதைக் கற்றுக்கொடுத்தன. கடன் வாங்குபவர் போனில் உள்ள பெயர்ப் பட்டியலைப் பார்க்க அனுமதி கேட்டன. அவரும் 'சரி' என்று தட்டினார். தவணை தவறியதும் அந்தப் பட்டியலில் இருந்த மாமனார், ஆபீஸ் மேலாளர், பக்கத்து வீட்டுக்காரர் எல்லோருக்கும் மானத்தை வாங்கும் செய்திகளும் ஒட்டுவேலை செய்த படங்களும் போயின. அவமானம் தாங்காமல் தற்கொலை செய்துகொண்டவர்கள் உண்டு. 2022 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி தலையிட்டது. கடன் ஆப்கள் பெயர்ப் பட்டியல், அழைப்பு விவரம், போனில் உள்ள கோப்புகள் ஆகியவற்றைத் தொடக் கூடாது என்று விதி வகுத்தது. இப்போது ஒரு கடன் ஆப் பெயர்ப் பட்டியலைக் கேட்கிறது என்றால், அது விதியை மீறுகிறது என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை.

அரசாங்கம் எச்சரிக்கவே இல்லை என்றும் சொல்ல முடியாது. எச்சரித்த பிறகு தயங்குவதுதான் அதன் பழக்கம். 2022 மே 27, வெள்ளிக்கிழமை, ஆதார் ஆணையத்தின் பெங்களூர் அலுவலகம் ஓர் அறிக்கை விட்டது. ஆதார் ஜெராக்ஸை யாருக்கும் கொடுக்காதீர்கள், கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரியும் ஆதாரைப் பயன்படுத்துங்கள், உரிமம் பெறாத ஹோட்டல்களும் சினிமா தியேட்டர்களும் நகல் வாங்கி வைத்துக்கொள்ளக் கூடாது என்றது அந்த அறிக்கை. ஞாயிற்றுக்கிழமையே அது வாபஸ் பெறப்பட்டது. மக்கள் தவறாகப் புரிந்துகொள்ளக்கூடும் என்பது காரணம். திங்கட்கிழமை காலையில் லாட்ஜ் கவுன்டர்களில் வழக்கம் போல ஜெராக்ஸ் கேட்டார்கள்.

2023 மே மாதம் நுகர்வோர் விவகாரத் துறை இன்னொன்று சொன்னது. பில் போட வாடிக்கையாளரின் போன் எண்ணைக் கேட்டுக் கடைகள் கட்டாயப்படுத்தக் கூடாது, அது நியாயமற்ற வர்த்தக முறை என்று. இதை யாரும் வாபஸ் வாங்கவில்லை, யாரும் பின்பற்றவும் இல்லை. பிஸ்கெட் பாக்கெட் வாங்கினாலும் 'நம்பர் சொல்லுங்க சார்' என்பது பில் கவுன்டரின் தேசிய கீதமாகிவிட்டது. வரிசையில் பின்னால் நிற்பவர்கள் காது கேட்க, பத்து இலக்கங்களையும் சத்தமாகச் சொல்லிவிட்டுப் போகிறார்கள் வாடிக்கையாளர்கள்.

சட்டம் என்ன செய்கிறது? நீதிபதி ஸ்ரீகிருஷ்ணா கமிட்டி 2018-ல் அறிக்கை தந்தது. 2019-ல் மசோதா வந்தது. 2022-ல் அது வாபஸ் ஆனது. கடைசியில் டிஜிட்டல் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் 2023 ஆகஸ்டில் நிறைவேறியது. அதற்கான விதிகள் வர 2025 நவம்பர் ஆயிற்று. நிறுவனங்களின் முக்கியக் கடமைகள் அதிலிருந்து 18 மாதம் கழித்து, அதாவது 2027 மே மாதம் அமலாகும் என்று அப்போது அறிவிக்கப்பட்டது.

சட்டத்தில் நல்ல அம்சங்கள் இருக்கின்றன. எந்த விவரம், எதற்காக என்று சொல்லித்தான் சம்மதம் வாங்க வேண்டும். கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெறலாம். தேவை முடிந்த பிறகு விவரத்தை அழிக்கச் சொல்லலாம். தகவல் கசிந்தால் பாதிக்கப்பட்டவருக்குத் தெரிவித்தாக வேண்டும். தவறு செய்யும் நிறுவனத்துக்கு ரூ. 250 கோடி வரை அபராதம்.

ஓட்டைகளும் இருக்கின்றன. அபராதம் அரசின் கஜானாவுக்குப் போகும். தகவலைப் பறிகொடுத்தவருக்கு இந்தச் சட்டத்தில் இழப்பீடு கிடையாது. அற்பமான அல்லது பொய்யான புகார் கொடுத்தார் என்று முடிவானால் அவருக்கே ரூ. 10,000 வரை அபராதம் விழலாம். அரசு அமைப்புகளுக்கு விலக்கு அளிக்க மத்திய அரசுக்குத் தாராளமான அதிகாரம் உண்டு. நிறுவனங்களைக் கண்காணிக்கும் வாரியத்தின் உறுப்பினர்களை நியமிப்பதும் மத்திய அரசே. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தையும் இந்தச் சட்டம் திருத்தியது. அதனால் தனிநபர் விவரம் என்று சொல்லி அதிகாரிகள் பதில் தர மறுப்பது சுலபமாகிவிட்டது. குடிமகனின் அந்தரங்கத்தைக் காக்க வந்த சட்டம், அதிகாரியின் அந்தரங்கத்தை முதலில் காத்துவிட்டது என்பது விமர்சகர்களின் குற்றச்சாட்டு.

ஆகவே, பெரும்பகுதிப் பாதுகாப்பு குடிமகனின் கையில்தான் இருக்கிறது. நல்ல காலமாக, அதற்கு கம்ப்யூட்டர் நிபுணராக இருக்க வேண்டியதில்லை. முதல் எட்டு இலக்கங்களை மறைத்த ஆதாரை ஆணையத்தின் வெப்சைட்டிலிருந்து இலவசமாக எடுக்கலாம். ஜெராக்ஸ் கொடுத்தே தீர வேண்டிய இடத்தில், எதற்காக, எந்தத் தேதியில் கொடுத்தது என்று குறுக்கே எழுதிக் கையெழுத்துப் போடலாம். விரல் ரேகையை ஆதார் வெப்சைட்டில் பூட்டி வைத்து, தேவைப்படும் நாளில் மட்டும் திறக்கலாம். கிராமத்தில் இருக்கும் பெற்றோருக்குப் பிள்ளைகள் செய்து தரக்கூடிய உருப்படியான உதவி இது. ஆனால் ரேகை வைத்து ரேஷனோ பணமோ வாங்குபவர்களுக்குத் திறக்கும் முறையையும் சொல்லித் தர வேண்டும், இல்லாவிட்டால் அன்றைக்கு அரிசி கிடைக்காது. கடந்த ஆறு மாதங்களில் ஆதார் எங்கெல்லாம் சரிபார்க்கப்பட்டது என்ற பட்டியலும் அதே வெப்சைட்டில் கிடைக்கிறது. ஒருவர் பெயரில் எத்தனை சிம் கார்டுகள் இருக்கின்றன என்பதைத் தொலைத் தொடர்புத் துறையின் 'சஞ்சார் சாத்தி' காட்டும். இந்த ஆப்பைப் புதிய போன்கள் அனைத்திலும் கட்டாயமாக ஏற்ற வேண்டும் என்று 2025 நவம்பரில் அரசு உத்தரவிட்டது. கடும் எதிர்ப்பு எழுந்ததும் டிசம்பர் 3-ல் பின்வாங்கியது. கதவைத் தட்டும் பழக்கம் லேசில் போவதில்லை.

இவை எல்லாம் இனிமேல் கொடுக்கப்போகும் விவரங்களுக்கு. ஏற்கெனவே போனவை போனவைதான். ஜெராக்ஸ் கடையிலும் பில் கவுன்டரிலும் சிதறிக் கிடப்பதை யாரும் பொறுக்கி எடுக்க முடியாது. அதனால்தான் ஒரு பழைய நம்பிக்கையைக் கைவிட வேண்டியிருக்கிறது. முன்பெல்லாம் ஒருவர் பெயரையும் கணக்கு எண்ணையும் சரியாகச் சொன்னால், அவர் வங்கியிலிருந்துதான் பேசுகிறார் என்று எடுத்துக்கொள்வது நியாயமாக இருந்தது. இப்போது அப்படி இல்லை. ஆதார் எண், அப்பா பெயர், வீட்டு நம்பர், போன மாதம் வாங்கிய ஃபிரிட்ஜ் வரை சரியாகச் சொல்பவர் யாராக வேண்டுமானாலும் இருக்கலாம். விவரம் தெரிந்திருப்பது அதிகாரத்துக்கு அடையாளம் அல்ல. எந்தச் சட்டத்திலும் 'டிஜிட்டல் கைது' என்று ஒன்று இல்லை என்பதை 2024 அக்டோபரில் பிரதமரே வானொலியில் சொன்னார். எந்தக் கோர்ட்டும் வாட்ஸப்பில் வாரன்ட் அனுப்பிப் பணம் கேட்பதில்லை.

அப்படி ஓர் அழைப்பு வந்தால் விளக்கம் கேட்க வேண்டாம், வாக்குவாதமும் வேண்டாம். இணைப்பைத் துண்டித்துவிட்டு, பாஸ்புக்கில் அச்சிட்டிருக்கும் எண்ணுக்கோ உள்ளூர் போலீஸ் ஸ்டேஷனுக்கோ தானாகப் பேசுவது ஒன்றே வழி. யாரிடமும் சொல்லாதே என்று மிரட்டினால், உடனே வீட்டில் இருப்பவரிடம் சொல்வதுதான் மருந்து. பணம் போய்விட்டால் 1930 என்ற எண்ணுக்குத் தாமதமின்றிப் புகார் செய்ய வேண்டும். பணம் ஒரு கணக்கிலிருந்து அடுத்த கணக்குக்குத் தாவுவதற்குள் முடக்கினால்தான் திரும்ப வரும். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று வெட்கப்பட்டுத் தள்ளிப்போட்டவர்களுக்கு அந்த வாய்ப்பு குறைவு.

புதிய சட்டத்தில் அதிகம் பேசப்படாத ஒரு பிரிவு உண்டு. சம்மதம் கேட்கும் அறிவிப்பை ஆங்கிலத்தில் மட்டுமின்றி, அரசியல் சட்டத்தின் எட்டாவது அட்டவணையில் உள்ள 22 மொழிகளில் எதிலும் படிக்கும் உரிமை ஒவ்வொருவருக்கும் உண்டு. டெல்லியில் இருந்தாலும் மும்பையில் இருந்தாலும் ஒரு தமிழர் அதைத் தமிழில் கேட்கலாம். அதுவரை காத்திருக்கவும் தேவையில்லை. விவரம் கேட்கும் எவரிடமும், 'எதற்கு?' என்ற கேள்வியை இன்றே கேட்டுப் பார்க்கலாம். பில் கவுன்டரில் இருக்கும் பையனுக்குப் பெரும்பாலும் பதில் தெரியாது. நம்பர் இல்லாமலே பில் போட்டுக் கொடுத்துவிடுவான்.